வைத்திருத்தல் என்னும் வினை

ஒரு பொருளை 'வைத்திருக்கிறேன்' என்று சொல்லும்போது, ஒரு நிலையைக் குறிப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். என்றோ ஒரு நாள் வாங்கினோம். செயல் அன்றோடு முடிந்தது. அதன்பின் அது நம்மிடம் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் நாம் வழங்கும் சொல் அவ்வாறு சொல்லவில்லை. வைத்தல் ஒரு செயல். இருத்தல் ஒரு நிலை. இரண்டும் பின்னிப் பிணைந்தே 'வைத்திருத்தல்' ஆகிறது. வைக்கின்ற செயல் ஓயாது தொடர்வதாலேயே பொருள் நம்மிடம் இருக்கிறது என்று இதற்கு உரை எழுதினால், இலக்கண ஆசிரியர் ஒருவேளை முகம் சுளிப்பார். அறத்தைப் பற்றிச் சிந்திக்கிறவர் அதனை அவ்வளவு விரைவில் தள்ளிவிட இயலாது.

இவ்வெண்ணத்தை என்னுள் விதைத்தது ஒரு துப்பாக்கி. நம் ஊரில் துப்பாக்கி என்பது வங்கி வாயிற்காவலரின் தோளிலும் திரைப்படச் சுவரொட்டியிலும் காண்கின்ற பொருள். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, கோடிக்கணக்கான இல்லங்களில், அது வீட்டு அலமாரியில் கம்பளிப் போர்வைகளுக்கு அருகே சாய்ந்து நிற்கும் பொருள். நான் எழுதப்போவது அந்த நாட்டில் உற்பத்தி நின்றுபோன ஒரு துப்பாக்கியைப் பற்றியும், அதைப் பழுதுபார்த்துப் பேணுகின்ற மனிதரின் மனச்சான்றைப் பற்றியும். அத்துப்பாக்கியை நான் கையில் எடுத்ததில்லை, படித்தறிந்ததே. அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மார்லின் என்பது அந்நாட்டில் பழம்பெரும் பெயர். ஜான் மார்லின் என்பவர் 1870இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் தொடங்கிய தொழில் அது. 1985இல் அந்நிறுவனம் 'கேம்ப் 9' என்னும் கார்பைனை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் 'கேம்ப் 45' வந்தது. கார்பைன் என்றால் குழல் குறுகிய நீள்துப்பாக்கி. கைத்துப்பாக்கிக்குரிய தோட்டாவையே, தோளில் சார்த்திச் சுடும் இத்துப்பாக்கியில் பயன்படுத்தினர் என்பது இதன் தனித்தன்மை. எண்ணம் புதியதன்று. வின்செஸ்டர் நிறுவனம் 1873இல் செய்த துப்பாக்கியின் தோட்டாவுக்கே பொருந்துமாறு, கோல்ட் நிறுவனம் சில ஆண்டுகளில் சுழல் கைத்துப்பாக்கியும் செய்து விற்றது. இடுப்பில் ஒன்று, குதிரைச் சேணத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே தோட்டா. நூறு ஆண்டு கழித்து வந்த கேம்ப் துப்பாக்கிகளும் அவ்வழியே சென்றன. கேம்ப் 9 சுமித் அண்டு வெஸ்ஸன் கைத்துப்பாக்கியின் தோட்டாப்பெட்டியை ஏற்றது. கேம்ப் 45 புகழ்பெற்ற 1911 மாதிரிக் கைத்துப்பாக்கியின் தோட்டாப்பெட்டியை ஏற்றது. குழலின் நீளம் பதினாறரை அங்குலம். சட்டம் கேட்பது 16. மரக்கட்டை பொருத்தி, பார்வைக்கு அணில் வேட்டைக்குரிய எளிய துப்பாக்கி போலவே இருக்கும். பெயரும் அதற்கேற்ற பெயர்தான். 'முகாம்' என்றதும் கூடாரமும் காட்டோரத்து அடுப்பும் நினைவுக்கு வருகின்றன. எதிரே நிற்கும் மனிதர் நினைவுக்கு வருவதில்லை. 1999இல் உற்பத்தி நின்றது.

இத்துப்பாக்கியின் உள்ளே ஒரு சிறு துண்டு உண்டு. என் சிந்தனை முழுவதும் அதனைச் சுற்றியே அமைந்தது என்பதால் சற்று விளக்குகிறேன். சுடும் கணத்தில் தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்பது போல்ட் எனப்படும் கனத்த இரும்புக் கட்டை. சக்திமிக்க தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகளில் இக்கட்டை பூட்டப்பட்டிருக்கும். கேம்ப் துப்பாக்கியில் பூட்டு இல்லை. கட்டையின் கனமும் அதன் சுருள்வில்லின் விசையுமே வெடிப்பின் உதைப்பைத் தாங்குகின்றன. உதைபட்ட கட்டை பின்னோக்கிப் பாய்ந்து உலோகக் கூட்டின் பின்சுவரில் மோதாதபடி, இடையே நெகிழியால் ஆன ஒரு தாங்குதுண்டு வைக்கப்பட்டுள்ளது. அத்துண்டு காலப்போக்கில் கெட்டுவிடும். நிறம் மாறும், இறுகும், நொறுங்கும். ஓயாமல் சுட்டால்தான் கெடும் என்பதில்லை. அலமாரியில் வாளாவிருந்தாலும் கெடும். கெட்டதை அறியாமல் சுட்டுக்கொண்டேயிருந்தால் இரும்பு இரும்பை இடிக்கும். அந்த அதிர்ச்சி நாளடைவில் மரக்கட்டையில் விரிசலாக வெளிப்படும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் துப்பாக்கியைப் பிரித்து, பழைய துண்டின் துகள்களைத் துடைத்தெடுத்து, புதியதொன்றைப் பொருத்துவர். சுருள்வில்லையும் சற்று வலியதாக மாற்றுவர்.

வெறும் இயந்திரச் செய்தியாகத் தோன்றும் இதில்தான் வினா ஒளிந்திருக்கிறது. அலமாரியில் வைத்துப் பூட்டியபின் தம் முடிவு முடிந்துவிட்டது என்று உடைமையாளர் எண்ணுகிறார். அத்துண்டோ அவரை முடிவு செய்யச் சொல்லி மீண்டும் மீண்டும் அழைக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது நொறுங்கும்போதெல்லாம், 'இது இனியும் சுட வல்லதாக இருக்க வேண்டுமா?' என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். புதிய துண்டைப் பொருத்தினால் 'ஆம்' என்று பொருள். பொருத்தும் கை அதை உணர்கிறதா என்பது வேறு.

செய்தவர் இருந்தவரை இக்கேள்வி மறைந்து கிடந்தது. தொழிற்சாலைக்கு அனுப்பினால் சீர்செய்து தருவார்கள்; பொறுப்பில் ஒரு பங்கு அவர்களுடையது என்று ஆறுதல் கொள்ளலாம். மார்லின் நிறுவனம் 2007ஆம் ஆண்டின் இறுதியில் ரெமிங்டன் கைக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. கனெக்டிகட் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டது. ரெமிங்டனே 2018இலும் 2020இலும் நொடித்துப்போனது. அவ்வேலத்தில் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, 2021இன் இறுதியில் அப்பெயரில் மீண்டும் துப்பாக்கிகளை வெளியிட்டது. வந்தவை பழைய நெம்புகோல் துப்பாக்கிகள், கேம்ப் அல்ல. இப்போது தாங்குதுண்டைச் செய்து விற்கிறவர்கள் சிறு தொழில்முனைவோர். அவர்கள் விற்பது ஒரு நெகிழித் துண்டு, துப்பாக்கி அன்று.

சட்டமும் இங்கே விந்தையாக ஒதுங்கி நிற்கிறது. அமெரிக்காவில் நுகர்பொருள்களின் பாதுகாப்புக்கென 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓர் ஆணையம் அமைந்தது. பொம்மைத் துப்பாக்கியில் குறையிருந்தால் அதனைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. உண்மைத் துப்பாக்கியும் தோட்டாவும் அதன் வரம்புக்கு அப்பாற்பட்டவை. 2005இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், பிறர் துப்பாக்கியால் இழைக்கும் குற்றத்திற்காகச் செய்தவர்மீதும் விற்றவர்மீதும் தொடரப்படும் வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கிறது. செய்ததில் குறை இருந்தால் வழக்குத் தொடர அச்சட்டம் இடம் வைத்திருக்கிறது என்பதும் உண்மை. இன்னொன்று: அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் 'துப்பாக்கி' என்பது வரிசை எண் பொறித்த அந்த உலோகக் கூடு மட்டுமே. குழலும் மரக்கட்டையும் சுருள்வில்லும் உதிரிப்பொருள்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டாலும் அது அதே துப்பாக்கிதான். மெய்யியலார் நூற்றாண்டுகளாக விவாதித்துவரும் ஒரு வினாவை அலுவலகக் கோப்பு எவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட்டது, பாருங்கள்!

ஆக, செய்தவர் விலகிவிட்டார், அரசு கேட்பதில்லை, மேசைமேல் பிரித்துப்போட்ட பாகங்களுக்கு முன்னால் ஒரு தனிமனிதர் அமர்ந்திருக்கிறார். உற்பத்தி நின்றதால் இப்பொறுப்பு புதிதாகப் பிறந்துவிடவில்லை. முதல் நாள் தொட்டே அவருடையதாக இருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

தற்காப்பைப் பற்றித் திருச்சபையின் அறநெறி மரபு நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் வகுத்த நெறி நம்மில் பலர் அறிந்ததே. தன்னுயிரைக் காக்க ஒருவர் வன்மையைப் பயன்படுத்தலாம். ஆனால் தாக்குகிறவரின் சாவு அவரது நோக்கமாக இருத்தலாகாது. தேவைக்கு மிஞ்சிய வன்மையும் கூடாது. ஆழ்ந்த நெறி இது. எனினும் இது ஒரு கணத்தைப் பற்றிய நெறி. கதவு உடைபடும் அந்த ஒரு கணத்தில் எது தகும் என்பதை அது சொல்கிறது. அக்கணமோ பெரும்பாலான இல்லங்களுக்கு வருவதேயில்லை. வராத அந்தக் கணத்துக்காக நாற்பது ஆண்டுகள் பேணப்படும் பொருளின் அறம் என்ன? அந்த நாற்பது ஆண்டுகளில் வேறு கணங்கள் வருமே, அவற்றின் கணக்கை யார் வைப்பது?

கணக்கு இருக்கவே செய்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்! கதவை உடைத்து வரும் அயலானுக்காகக் காத்துக்கிடந்த பொருள், வீட்டினுள்ளேயே துயரில் அமர்ந்திருந்தவரின் கைக்குப் போயிருக்கிறது. ஓர் இரவோ ஒரு மணி நேரமோ நீடித்திருக்கக்கூடிய இருள், மீள முடியாத முடிவாகிவிட்டது. இவ்வெண்ணைப் படித்தபின், 'நன்கு பேணப்பட்ட துப்பாக்கி' என்னும் தொடரை என்னால் முன்போல் எளிதாகச் சொல்ல முடியவில்லை. நன்கு பேணப்பட்டது என்றால் எவர் கையிலும் தவறாது சுடும் என்றுதானே பொருள்?

அப்படியானால் பேணாமல் விட்டுவிடலாமா? அலமாரியில் கிடந்து துருப்பிடிக்கட்டும், நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? சிலர் இதனைத் துறவு போல் எண்ணுகிறார்கள். எனக்கு அது சோம்பலாகவே தோன்றுகிறது. புறக்கணிக்கப்பட்ட துப்பாக்கி மாசற்றதாகிவிடுவதில்லை. தாங்குதுண்டு நொறுங்கியிருந்தாலும் தோட்டா வெடிக்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை உடைமையாளரே மறந்துபோன துப்பாக்கி, நாள்தோறும் துடைத்து வைக்கப்படும் துப்பாக்கியைவிட அச்சம் தருவது. பேணுதலும் பொறுப்பு; பேணாமையும் ஒரு செயலே.

பேணுகிறவரைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். பழைய பொருளைச் சீர்செய்வதில் ஓர் இன்பம் இருக்கிறது. கைவிடப்பட்டதைக் கைவிடாமல் காப்பதில் ஒருவகைப் பற்றுறுதியும் இருக்கிறது. தாத்தாவின் சுவர்க்கடிகாரத்தை ஓடவைக்கிறவருக்கும், அச்சகத்தில் பழைய கைவிசைப் பொறியைக் காப்பவருக்கும் இருக்கும் அதே இன்பமே இவருக்கும். எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் இக்காலத்தில் இந்தக் குணம் போற்றத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழில் 'கருவி' என்னும் ஒரே சொல் இசைக்கருவிக்கும் வேளாண் கருவிக்கும் போர்க்கருவிக்கும் பொருந்துகிறது. அதனால்தானோ என்னவோ, கருவியைப் பேணும் கைக்கு அக்கருவி எதற்கானது என்பது மறந்துபோகிறது. மெல்லிய எண்ணெய் பூசி, போல்ட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, அதன் ஓசை சீரானதைக் கேட்டு மகிழ்கையில், 'இது எதற்கு?' என்னும் வினாவின் இடத்தில் 'இது எவ்வாறு?' என்னும் வினா வந்து அமர்ந்துகொள்கிறது. திறமை மெல்ல மெல்ல வாதமாகிவிடுகிறது. இவ்வளவு நன்றாக ஓடுகிற பொருளை எப்படி அழிப்பது என்ற வாதம்.

கேம்ப் துப்பாக்கியின் உற்பத்தி நின்ற அதே 1999ஆம் ஆண்டில், ஏப்ரல் 20ஆம் நாள், கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டனர். கொன்ற இளைஞர் இருவரும் அதே பள்ளியின் மாணவர்கள். அவர்கள் கையிலிருந்தவற்றுள் ஒன்று, வேறொரு நிறுவனம் செய்த 9 மி.மீ. கார்பைன், கேம்ப் துப்பாக்கியின் இனம். அவர்களின் தோழி, வயது பதினெட்டு நிரம்பியவர், துப்பாக்கிச் சந்தை ஒன்றில் அவர்களுக்காக வாங்கிக் கொடுத்தது அது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு கற்பிக்க நான் முற்படவில்லை. ஒரே தோட்டா, ஏறக்குறைய ஒரே பொறியமைப்பு. ஒன்றைச் சுற்றிக் கூடாரத்தின் நினைவு, மற்றொன்றைச் சுற்றிப் பள்ளி நூலகத்தின் நினைவு. இரும்புக்கு இரண்டும் ஒன்றே.

இனி ஒரு மனிதரை எண்ணிப் பார்ப்போம். இவர் என் கற்பனை. ஆயினும் இவரைப் போன்றவர் பலர் உண்டு. ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வயல்களுக்கு நடுவே வீடு. காவல் நிலையம் தொலைவில். 1987இல் கேம்ப் 9 ஒன்றை வாங்குகிறார். கோழிக்கூண்டை உடைக்கும் விலங்குகளுக்காக என்று மனைவியிடம் சொல்கிறார். இரவுப் பணிக்குப் போகும் தாம் இல்லாத நேரத்தில் அவர் தனியாக இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. 1998இல் முதல் பழுது. தொழிற்சாலைக்கு அனுப்பிச் சரிசெய்கிறார். 2009இல் தாமே பிரித்துத் துண்டை மாற்றுகிறார். அதற்குள் மனைவி இறந்துவிட்டார். 2021இல் அவரது பேரன் அந்த வீட்டில் வந்து தங்குகிறான். பதினாறு வயது. பெற்றோர் பிரிந்துவிட்டனர். பையன் அதிகம் பேசுவதில்லை. உணவு மேசையிலிருந்து பாதியில் எழுந்து போகிறான். அந்த ஆண்டிலேயே தாங்குதுண்டும் மீண்டும் நொறுங்கியிருப்பதைப் பெரியவர் காண்கிறார்.

அவர் என்ன செய்ய வேண்டும்? துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டலாம், பூட்ட வேண்டும். ஆனால் வீட்டுப் பிள்ளைக்குச் சாவி இருக்குமிடம் தெரியாது என்று நம்புவது பெரியவர்களின் பழைய பேதைமை. நொறுங்கிய துண்டை அப்படியே விட்டுவைப்பதில் பயனில்லை என்று முன்பே கண்டோம். புதிய துண்டைப் பொருத்துவதோ, அந்தக் குறிப்பிட்ட ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட வீட்டில், 'ஆம்' என்று சொல்வதாகும். என் தீர்ப்பு இது: அவ்வாண்டில் அத்துப்பாக்கி அவ்வீட்டில் இருத்தலாகாது. உடைமை உரிமையைப் பற்றிய பெரிய வாதங்கள் எப்படியும் போகட்டும். இதற்கு அவை தேவையில்லை.

இவ்வகையில் வழிகாட்டியவர்களுள் துப்பாக்கி விற்கிறவர்களே இருந்தனர் என்பது எனக்கு வியப்பூட்டிய செய்தி. 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவரையொருவர் அறியாத மூவர், ஒரு வாரத்திற்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தம்மை மாய்த்துக்கொண்டனர். சட்டம் அக்கடைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் அவர் அதனைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். நலவாழ்வுத் துறையினரும் துப்பாக்கி விற்பனையாளரும் சேர்ந்து அமர்ந்தனர். வாங்க வருகிறவரின் துயரைக் கண்டறிவது எப்படி, மறுப்பது எப்படி, வீட்டில் ஒருவர் மனம் சோர்ந்திருக்கையில் துப்பாக்கியை வெளியே வைப்பது எப்படி என்று ஒரு முயற்சி தொடங்கிற்று. பின்னர் வேறு மாநிலங்களிலும் இது பரவியது. நெருக்கடிக் காலத்தில் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைத்துக்கொள்ளும் கடைகளும் காவல் நிலையங்களும் சில இடங்களில் உள்ளன. எவரும் கேட்காத பொறுப்பைத் தாமாக எடுத்துக்கொண்ட அந்தக் கடைக்காரரை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நெறிநூல்களை அவர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

நம் பெரியவரும் துப்பாக்கியை அவ்வாறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்று கொள்வோம். பையன் தேறுகிறான், ஈராண்டு கழித்துக் கல்லூரிக்குப் போகிறான். கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். இப்போது இவருக்கு எழுபத்தைந்து வயது. தமக்குப்பின் அது யாருக்கு? மகன் விரும்பவில்லை. விற்றால் வாங்குகிறவர் யார், அவர் வீட்டு உணவு மேசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று தெரியாது. உற்பத்தி நின்ற பொருள் என்பதால் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள். அறுத்துவிடவும் செய்யலாம். கொலராடோவில் 2013 முதல் இயங்கும் 'ராடூல்ஸ்' என்னும் அமைப்பு, மக்கள் மனமுவந்து தரும் துப்பாக்கிகளை வெட்டி, உலைக்களத்தில் இட்டு, மண்வெட்டியும் தோட்டக் கருவிகளுமாக அடித்துக் கொடுக்கிறது. முந்திய ஆண்டின் டிசம்பரில், மார்லின் தொழில் பிறந்த அதே கனெக்டிகட் மாநிலத்தில், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் பணியாளர் அறுவரும் கொல்லப்பட்டதன்பின் தொடங்கியது அது. எசாயா இறைவாக்கினரை நினைத்துக்கொள்ள நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகள் துடைத்துவைத்த பொருளை அறுப்பதற்கு அம்மனிதரின் கை நடுங்கும் என்பதையும் நாம் இகழலாகாது.

அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருப்போருள் பலர் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பர். எந்த நாளில் எத்தனை தோட்டா சுட்டோம், எந்தப் பாகத்தை மாற்றினோம் என்று எழுதிவைப்பர். இந்தப் பெரியவரின் குறிப்பேட்டில் மட்டும் இன்னொரு பத்தி இருப்பதாக நான் கற்பனை செய்கிறேன்: ஏன்? 1998ஆம் ஆண்டுக்கு நேரே, 'அவள் இரவில் தனியாக இருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறார். 2009க்கு நேரே, 'பழக்கம்' என்று எழுதி, அடித்துவிட்டு, வேறு சொல் கிடைக்காமல் மீண்டும் 'பழக்கம்' என்றே எழுதியிருக்கிறார். 2021க்கு நேரே பையனின் பெயர் மட்டும் இருக்கிறது. பாகம் எதுவும் மாற்றப்படவில்லை. அஞ்சலில் வாங்கிய தாங்குதுண்டு, உறை பிரிக்கப்படாமல், அந்தப் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் தேதியை எழுதிவிட்டார். கடை ஆறு மணிக்கு மூடிவிடும். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.